காவிரிக் கரையிலிருந்து கரும்புத் தீவுகளுக்கு

தீவு என்றால் கடல் நடுவே இருப்பது என்றுதான் நாம் எண்ணுகிறோம். திருச்சிராப்பள்ளிக்காரர்களுக்கு ஒரு தீவு கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது. முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்றும், வடக்குக் கிளை கொள்ளிடம் என்றும் பெயர் பெற்று ஓட, இரண்டுக்கும் நடுவே திருவரங்கம் அமைந்திருக்கிறது. மலைக்கோட்டை உச்சியில் ஏறி வடக்கே பார்த்தால், அந்தத் தீவின் கோபுரங்களும் தென்னந்தோப்புகளும் கண்ணில் படும்.

வாசகர்கள் இப்போது ஓர் உலகப் படத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். திருச்சி ஏறக்குறைய 10.8 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து மேற்கு நோக்கிச் செல்லுங்கள். அரபிக்கடல், ஆப்பிரிக்காக் கண்டம், அட்லாண்டிக் மாகடல் ஆகியவற்றைக் கடந்தபின் விரல் முட்டும் முதல் நிலம் டிரினிடாட் தீவு! அதன் தலைநகரான போர்ட் ஆப் ஸ்பெயின் 10.7 பாகை வட அட்சத்தில் உள்ளது. நம் நிலப்பரப்பைப் போலவே வெயில், நம்மைப் போலவே வானம். நேரந்தான் வேறு. திருச்சியில் நண்பகல் 12 மணி என்றால் அங்கே அதிகாலை இரண்டரை மணி.

டிரினிடாடுக்கு வடக்கே வில்போல் வளைந்து கிடக்கும் தீவு வரிசையில் மார்த்தினிக், குவாதலூப் என்ற இரண்டு பிரெஞ்சுத் தீவுகள் இருக்கின்றன. அங்கே முத்துசாமிகளும் ராமசாமிகளும் வீரப்பன்களும் இன்றும் வாழ்கிறார்கள். அவர்கள் பேசுவது பிரெஞ்சும் கிரியோலும். அவர்களுடைய முன்னோர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பருவத்தில் கப்பலேறியவர்கள். இலங்கைக்கும் மலேயாவுக்கும் போன தமிழரை நாம் அறிவோம். பாரதியார் பாடியதால் பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களையும் அறிவோம். கரீபியக் கடலுக்குப் போனவர்களைப் பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. அவர்கள் ஏன் போனார்கள், எப்படிப் போனார்கள், ஏன் திரும்பவில்லை? இவற்றை ஆராய்ந்தால் வரலாற்றுடன் அறிவியலும் சேர்ந்தே வரக் காண்கிறோம்.

கொதிக்கும் சாறும் குறைந்த அழுத்தமும்

கரீபியத் தீவுகளின் செல்வம் கரும்பு. அதை விளைவித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள். பிரிட்டன் தன் குடியேற்ற நாடுகளில் 1834-இல் அடிமை முறையை ஒழித்தது. விடுதலை பெற்றவர்கள் முழு உரிமை அடைந்தது 1838-இல். பிரான்சு 1848-இல் ஒழித்தது. சவுக்கடிபட்ட தோட்டத்தில் பழைய எசமானனுக்கே கூலி வேலை செய்யப் பலர் விரும்பவில்லை. தோட்ட முதலாளிகள் வேறு ஆட்களைத் தேடினர்.

இதே காலத்தில் சர்க்கரை ஆலையிலும் ஒரு புரட்சி நடந்துகொண்டிருந்தது. நம் ஊர்களில் வெல்லம் காய்ச்சும் முறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அகன்ற கொப்பரையில் கரும்புச் சாற்றை ஊற்றித் திறந்தபடி காய்ச்சுகிறோம். பாகு கெட்டியாக ஆகக் கொதிநிலை 100 பாகை செல்சியசுக்கும் மேலே ஏறுகிறது. சற்றே கவனம் தப்பினால் பாகு கருகிவிடும். அழுத்தத்தைக் குறைத்தால் கொதிநிலையும் குறையும் என்பது பௌதிகத்தின் அடிப்படை உண்மை. மலை உச்சியில் பருப்பு வேகாததும் இதனால்தான். 1813-இல் ஆங்கிலேயரான எட்வர்டு ஓவார்டு, மூடிய கலத்திலிருந்து காற்றை வெளியேற்றிப் பாகைக் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கவைக்கும் வெற்றிடக் கலத்தை அமைத்தார்.

நார்பர்ட் ரில்லியே என்பவர் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். இவர் 1806-இல் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்சில், ஆப்பிரிக்க வம்சாவளித் தாய்க்குப் பிறந்த பொறியியலறிஞர். முதல் கலத்தில் சாறு கொதித்து எழும் நீராவியை வீணாக்காமல், அதைக் கொண்டே இரண்டாவது கலத்தைச் சூடாக்கினார். இரண்டாவதிலிருந்து வருவது மூன்றாவதற்கு. அடுத்தடுத்த கலங்களில் அழுத்தம் குறைந்துகொண்டே போவதால், முந்தைய கலத்தின் ஆவியே பிந்தையதைக் கொதிக்கவைக்கப் போதுமானது. நீராவியில் அடங்கிய உள்ளுறை வெப்பம் மீண்டும் மீண்டும் பயன்பட்டது, எரிபொருள் மிச்சமாயிற்று. 1840-களில் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார்.

இத்தகைய எந்திரங்களைத் தோட்டத்துக்கு ஒன்றாக வைக்க முடியாது. பல தோட்டங்களின் கரும்பை ஓரிடத்தில் அரைக்கும் பெரிய மைய ஆலைகள் எழுந்தன. குவாதலூப்பில் 1869-இல் இயங்கத் தொடங்கிய தார்பூசியே ஆலை அவற்றுள் புகழ்பெற்றது. ஆலை பெரிதானால் அதன் பசியும் பெரிது. வெட்டிய கரும்பை ஓரிரு நாட்களுக்குள் பிழியாவிட்டால் அதிலுள்ள சர்க்கரை சிதைந்துபோகும். ஆகவே அறுவடைக் காலத்தில் ஒரே சமயத்தில் ஏராளமான கைகள் வேண்டும். ஆலைக்குள் எந்திரம் வந்துவிட்டது. வயலில் கரும்பு வெட்டுவதற்கோ மனிதனும் அரிவாளுமே இருந்தனர். ஆலையின் வேலையை எளிதாக்கிய கண்டுபிடிப்பு வயலுக்கு மேலும் ஆட்களைத் தேட வைத்தது. அந்தத் தேடல் நம் காவிரிக் கரை வரைக்கும் வந்து சேர்ந்தது.

ரயிலும் மேஸ்திரியும்

1838-இல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட இரு கப்பல்கள் தென் அமெரிக்கக் கரையிலுள்ள பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. ஜமைக்காவுக்கும் டிரினிடாடுக்கும் 1845-இல் முதல் இந்தியர்கள் சென்றனர். ‘ஒரேலி’ என்ற பிரெஞ்சுக் கப்பல் 1853 மே மாதம் மார்த்தினிக்கிலும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப்பிலும் முதல் இந்தியத் தொழிலாளரை இறக்கியது. பிரிட்டிஷ் தீவுகளுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய வட இந்தியர். பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தென்னாட்டவர். தஞ்சாவூர், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களிலிருந்து ஆட்கள் திரட்டப்பட்டனர்.

1861-ஆம் ஆண்டு இரண்டு வகைகளில் முக்கியமானது. அந்த ஆண்டு ஜூலை முதல் நாள் பிரிட்டனும் பிரான்சும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன்படி பிரிட்டிஷ் இந்தியாவில் பிரெஞ்சுக்காரர்கள் வெளிப்படையாக ஆள் சேர்க்கலாம் என்றாயிற்று. அதே சமயத்தில், 1861-62-இல், நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை ரயில் பாதை திறக்கப்பட்டது. அதுவரை கால்நடையாகவோ மாட்டு வண்டியிலோ பல நாட்கள் சென்ற தூரம் ஒரு பகலுக்குள் அடங்கியது. நாகையிலிருந்து காரைக்கால் அதிக தூரமில்லை. காவிரியின் கிளையான அரசலாறு காரைக்காலில்தான் கடலோடு கலக்கிறது. ஆறு போகும் திசையிலேயே ஆட்களும் போனார்கள்.

சொந்த நிலம் இல்லாதவர்களுக்கு அந்நாளில் மழை பொய்த்தால் பிழைப்பு இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் இலட்சக்கணக்கானவர்களைக் கொன்றது. பஞ்ச காலத்தில் துறைமுகங்களில் கூட்டம் பெருகியது. கடன், சாதிக் கொடுமை, குடும்பச் சண்டை, கணவனை இழந்த பெண்ணின் கதியற்ற நிலை ஆகியவையும் ஆட்களை வெளியே தள்ளின. சந்தையிலும் சத்திரத்திலும் இத்தகையவர்களை இனங்கண்டு பேச்சுக் கொடுப்பது மேஸ்திரியின் தொழில். தலைக்கு இவ்வளவு என்று அவனுக்குத் தரகு உண்டு. போகும் இடம் எவ்வளவு தொலைவு என்பதை அவன் சொல்ல வேண்டிய அவசியமில்லை. வடநாட்டில் சூரினாம் என்ற பெயரைத் திரித்து ‘ஸ்ரீராம்’ தேசம் என்று சொல்லி ஏமாற்றியதாகக் கூறுவர்.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. மாதத்துக்கு 26 நாட்கள் வேலை. பிரெஞ்சுத் தீவுகளில் ஆணுக்கு மாதச் சம்பளம் பன்னிரண்டரை பிராங்க்; பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. வேலைக்கு வராத நாட்கள் ஒப்பந்தக் காலத்தோடு சேர்க்கப்படும். காலம் முடிந்தால் இலவசமாகத் திரும்பலாம். இவ்வளவும் எழுதிய தாளில், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞன் அடையாளமிட்டான். தோட்டத்தில் இந்த நிபந்தனைகளை அவன் எப்படி நிலைநாட்டுவான் என்பது தாளில் இல்லை.

காற்று வகுத்த வழி

திருச்சிக்கும் டிரினிடாடுக்கும் இடையே புவிப்பரப்பின் மேல் மிகக் குறுகிய தூரம் ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர். நடுவே ஆப்பிரிக்கா இருப்பதால் கப்பல் அதைத் தெற்கே சுற்றிப் போக வேண்டும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகும், செலவு குறைவு என்பதால் பாய்க்கப்பல்களே நெடுங்காலம் இந்தத் தொழிலில் இருந்தன. நன்னம்பிக்கை முனை வழியாகக் கடற்பாதை 18,000 கிலோமீட்டருக்கும் அதிகம். ஏறக்குறைய மூன்று மாதப் பயணம். சராசரி வேகம் மணிக்கு எட்டு அல்லது ஒன்பது கிலோமீட்டர். சைக்கிளில் மெதுவாகப் போகிறவன்கூட இந்தக் கப்பலை முந்திவிடுவான்!

இந்தப் பாதையை வகுத்தது காற்று. நிலநடுக்கோட்டருகே சூடேறிய காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்ப இரு பக்கங்களிலிருந்தும் காற்று வருகிறது. புவி சுழல்வதால் அது நேராக வராமல் திசை விலகுகிறது. வடகோளத்தில் வடகிழக்கிலிருந்தும் தென்கோளத்தில் தென்கிழக்கிலிருந்தும் வீசும் இதுவே வியாபாரக் காற்று. புவியின் சுழற்சிதான் இதற்குக் காரணம் என்று 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி எடுத்துக்காட்டினார். சோழமண்டலக் கரையிலிருந்து புறப்பட்ட கப்பல் தெற்கே இறங்கி, இந்துமாக்கடலின் தென்கிழக்குக் காற்றைப் பிடிக்கும். ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே ஓடும் அகுல்காஸ் நீரோட்டமும் அதைத் தள்ளிக்கொண்டு போகும். முனையைச் சுற்றியதும் அட்லாண்டிக்கின் தென்கிழக்குக் காற்று பாயை நிரப்பும். அது கப்பலை நிலநடுக்கோடு வரை கொண்டு சேர்க்கும். அங்கிருந்து வடகிழக்குக் காற்று தீவுகளுக்கு ஏற்றிச் செல்லும்.

திரும்புவது அவ்வளவு நேரடியானதன்று. பாய்க்கப்பல் காற்றை நேராக எதிர்த்துச் செல்ல முடியாது. ஆகவே முதலில் வடக்கே ஏறி, மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தேடி, அட்லாண்டிக்கில் பெரியதொரு வளையம் போட்டபின்தான் மறுபடியும் முனையை நோக்கி இறங்க வேண்டும். போகும்போது துணை நின்ற காற்று வரும்போது எதிர்க்காற்றாகிவிடும்.

வழி எதுவென்று பயணிகளுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் வானம் ஒன்றைச் சொல்லியிருக்கும். துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து எத்தனை பாகை உயரத்தில் தெரிகிறதோ, அதுவே ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சம். காவிரிக் கரையில் அது வடக்கே பதினோரு பாகை உயரத்தில் நிற்கும். கப்பல் தெற்கே செல்லச் செல்ல அது தாழ்ந்து, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் மறைந்தே போகும். இரண்டு மாதங்களுக்கு மேல் காணாமல் போய், அட்லாண்டிக்கில் மீண்டும் நிலநடுக்கோட்டைத் தாண்டிய பிறகே தலைகாட்டும். கரையை அடையும்போது அது ஊரில் இருந்த உயரத்திலேயோ சற்று மேலேயோ நிற்கும்.

முனையருகே குளிர் கடுமை. நம் ஊர்ப் பருத்தித் துணி அதற்கு ஈடுகொடாது. இதனால் அங்கே குளிர்காலமாக உள்ள மாதங்களைத் தவிர்த்துக் கப்பல் புறப்பட வேண்டும் என்று பருவ வரம்பு வகுக்கப்பட்டது. குளிரைவிடக் கொடியது நோய். கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது அந்நாளில் நிலைநாட்டப்படவில்லை. காலராக் கிருமியை ராபர்ட் காக் இனங்கண்டது 1883-84-இல்தான். அடித்தளத்தில் நெருக்கமாகப் படுத்திருந்த நூற்றுக்கணக்கானவர்களிடையே வயிற்றுக்கடுப்பும் காலராவும் அம்மையும் தீயாகப் பரவின. 1856-57-இல் கல்கத்தாவிலிருந்து கரீபியத்துக்குச் சென்ற கப்பல்களில் சராசரி சாவு 17 விழுக்காடு. அதாவது, ஏறியவர்களில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் கரை சேரவில்லை. பிற்காலத்தில் காற்றோட்டம், குடிநீர், மருத்துவர் ஆகிய ஏற்பாடுகள் திருந்திய பிறகு இந்த அளவு குறைந்தது.

ஒரு கிழங்கு செய்த மாற்றம்

1854 முதல் 1880-களின் இறுதி வரை குவாதலூப்புக்குச் சென்ற இந்தியர் 42,000-க்கு மேல். மார்த்தினிக்குக்குச் சென்றவர் 25,000-க்கு மேல். குவாதலூப்பிலிருந்து ஊர் திரும்பியவர்களோ பத்தாயிரத்துக்கும் குறைவு. தோட்டத்திலேயே உயிரிழந்தவர்கள் பலர். முன்பணத்துக்கு ஆசைப்பட்டோ வேறு வழியின்றியோ மறுபடியும் ஒப்பந்தம் செய்துகொண்டவர்கள் பலர். திரும்பும் கப்பலுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. அதற்குள் அங்கேயே மணம் முடித்துப் பிள்ளை குட்டிகளுடன் வேரூன்றிவிட்டவர்களும் உண்டு.

இந்தப் போக்குவரத்து ஏன் நின்றது? மனிதாபிமானம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. 1747-இல் மார்கிராப் என்ற ஜெர்மன் வேதியியலறிஞர், பீட் கிழங்கிலும் கரும்பில் உள்ள அதே சர்க்கரை இருப்பதைக் கண்டறிந்தார். நெப்போலியன் காலத்தில் கடல்வழிச் சர்க்கரை ஐரோப்பாவுக்கு வருவது தடைபடவே, பீட் பயிரிடுதல் அங்கே வேகமாகப் பரவியது. 1880-களில் உலகச் சர்க்கரையில் ஏறக்குறையப் பாதி பீட்டிலிருந்து வந்தது. 1884-இல் விலை சரிந்தது. தீவுகளின் ஆலைகள் தடுமாறின. புதிய ஆட்களை வரவழைக்கும் செலவு கட்டுப்படியாகவில்லை. இந்தியத் தொழிலாளர் துன்புறுத்தப்படுவது பற்றிய புகார்களும் பெருகின. மார்த்தினிக் 1880-களின் நடுவில் ஆட்களை வரவழைப்பதை நிறுத்தியது. குவாதலூப்புக்கு ஆள் அனுப்புவதை 1888-இல் பிரிட்டன் நிறுத்தியது.

பிரிட்டிஷ் குடியேற்றங்களில் இம்முறை மேலும் சில பத்தாண்டுகள் நீடித்தது. 1912-இல் கோகலேயும், 1916-இல் மதன்மோகன் மாளவியாவும் சட்டசபையில் இதை ஒழிக்கக் கோரித் தீர்மானம் கொண்டுவந்தனர். 1917-இல் ஆள் சேர்ப்பது நின்றது. 1920 தொடக்கத்தில் எஞ்சிய ஒப்பந்தங்களும் நீக்கப்பட்டன.

எது நிலைத்தது, எது போயிற்று?

பள்ளியில் பிரெஞ்சு, தெருவில் கிரியோல் என்ற நிலையில் தமிழ் சில தலைமுறைகளுக்குள் பேச்சு வழக்கிலிருந்து மறைந்தது. ஆயினும் மாரியம்மன் அங்கே ‘மாலியேமின்’ ஆகியிருக்கிறாள். மதுரைவீரன் ‘மல்தேவிதன்’ ஆகியிருக்கிறான். கடலோடிகளின் காவலராக நம் கரையோர மக்கள் போற்றும் நாகூர் ஆண்டவருக்கு, அங்குள்ள இந்து வழிபாட்டிலும் ‘நாகூமிலா’ என்ற பெயரில் கொடியேற்றுகிறார்கள். தப்பு ‘தாப்பு’ என்ற பெயரில் ஒலிக்கிறது. நாடகம் ‘நாத்ரோன்’ ஆனது. பூசையில் பாடும் தமிழ்ப் பாடல்களின் பொருள் பாடுபவர்களிலேயே பலருக்குத் தெரியாது. ஒலி மட்டும் தலைமுறை தலைமுறையாக இறங்கி வந்திருக்கிறது.

சமையலறையில் இழப்பு குறைவு. ‘கொலம்போ’ என்பது இன்று அத்தீவுகளில் எல்லா இனத்தவரும் விரும்பி உண்ணும் மசாலாக் கறி. அது நம் ‘குழம்பு’ என்ற சொல்லே என்று மொழி அறிஞர் பலர் கருதுகின்றனர். மிளகுத்தண்ணீர் ‘மொல்த்தனி’ ஆகியிருக்கிறது. இதற்கு அறிவியல் காரணமும் உண்டு. ஏறத்தாழ ஒரே அட்சப் பகுதி, ஒத்த வெயில், ஒத்த மழை என்பதால் நம் வீட்டுக் கொல்லையில் வளரும் மாவும் புளியும் முருங்கையும் அங்கேயும் செழித்து வளர்கின்றன. பொங்கும் உலைக்கு வேண்டியது கிடைத்தபோது பழைய ருசியும் நிலைத்தது.

பெயர்களில் வேறொரு மாற்றம் நடந்தது. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கிறது. தீவின் எழுத்தரோ வந்து இறங்கியவனின் ஒற்றைப் பெயரையே குடும்பப் பெயராகப் பதிந்துவிட்டார். ஆகவே முத்துசாமி என்ற ஒருவரின் வழித்தோன்றல்கள் எல்லோரும், ஆணும் பெண்ணும், முத்துசாமிகளே! 1981 முதல் குவாதலூப்பின் பிரதிநிதியாகப் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்த எர்னஸ்ட் முத்துசாமி இத்தகைய பெயருக்கு உரியவர். கயானாவிலும் இப்படியே. 2015 முதல் 2020 வரை அந்நாட்டின் பிரதமராக இருந்தவர் மோசஸ் நாகமுத்து. மேற்கிந்தியத் தீவுகளின் கிரிக்கெட் அணியில் பந்து வீசிய ஒருவரின் பெயர் வீராசாமி பெருமாள். திருவரங்கத்தில் நாள்தோறும் ஒலிக்கும் பெயர், அட்லாண்டிக்குக்கு அப்பால் ஆட்டக்களத்தின் எண்ணிக்கைப் பலகையில்!

உரிமை மட்டும் எளிதில் வரவில்லை. 1863-இல் குவாதலூப்பில் இந்தியப் பெற்றோருக்குப் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். பிறந்தது பிரெஞ்சு மண், படித்தது பிரெஞ்சு மொழி. ஆயினும் இந்தியரின் பிள்ளைகள் அயலாரே என்று கூறி அவர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. 1904-இல் அவர் நீதிமன்றம் ஏறினார். இடைவிடாமல் போராடி, 1923-இல் அந்த உரிமை ஏற்கப்படும்வரை ஓயவில்லை. பத்தொன்பது ஆண்டுகள்! ஒருவர் ஏற்ற ஐந்தாண்டு ஒப்பந்தத்தைப் போல் ஏறக்குறைய நான்கு மடங்கு காலம் அவருடைய மக்கள் உரிமைக்காகக் காத்திருந்தனர். சிதம்பரம் 1952-இல் மறைந்தார்.

நம் பங்கு

கப்பலேறிய ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எண் இருந்தது. பெயர், வயது, தந்தை பெயர், பிறந்த ஊர் முதலியவை பதிவேடுகளில் குறிக்கப்பட்டன. தோட்டக் கணக்குக்காக எழுதப்பட்ட அந்த ஏடுகளைத்தான் இன்று வழித்தோன்றல்கள் ஆவணக் காப்பகங்களில் புரட்டுகிறார்கள். பிரெஞ்சு எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை இன்றைய தமிழ்நாட்டு வரைபடத்தில் கண்டுபிடிப்பது அவர்களுக்குப் பெரும் புதிராக இருக்கிறது. தமிழ் ஒலிகளையும், சிற்றூர்ப் பெயர்களையும், பழைய தாலுகா எல்லைகளையும் அறிந்தவர்களால்தான் அந்தப் புதிரை அவிழ்க்க முடியும்.

இங்கேதான் மாணவர்களுக்கு வேலை இருக்கிறது. ஊரைவிட்டுப் போனவர்களைப் பற்றி அவர்கள் போன நாடுகளில் ஏடு இருக்கிறது; போகவிட்ட ஊர்களில் கதை இருக்கலாம். ‘எங்கள் பாட்டனாரின் தம்பி கப்பலேறினார், திரும்பவில்லை’ என்ற ஒரு வரி சில குடும்பங்களில் இன்னும் சொல்லப்படக்கூடும். லால்குடியிலோ முசிறியிலோ குளித்தலையிலோ, உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்ததைத் தேதியிட்டு எழுதிவையுங்கள். ஊரின் பழைய பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதக் கடற்பயணம் ஒரு நாள் விமானப் பயணமாகச் சுருங்கிவிட்ட காலம் இது. கடலின் அக்கரையிலிருந்து ஒருவர் தம் முன்னோரின் ஊரைத் தேடி வரும்போது, இக்கரையில் அவருக்கு விடை சொல்ல ஓர் ஏடாவது இருக்க வேண்டும்.